ஆந்த்ரசைட் நிலக்கரியும் அதை நம்பிய நாடுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியை அறிந்த நமக்கு, நிலக்கரி வகைகளின் மறுகோடியில் இருக்கும் ஆந்த்ரசைட் அவ்வளவாகப் பழக்கமில்லை. கரிமம் மிகுந்து, எளிதில் ஆவியாகும் பொருள்கள் குறைந்து, பெரும்பாலும் புகையின்றி எரியும் இக்கரி, ஒரு காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில் வீடுகளைக் கதகதப்பாக வைத்திருந்தது. 1917இல் பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 9 கோடி டன் வெட்டியெடுக்கப்பட்டது. பின்னர் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் அதன் சந்தையைப் பிடித்துக்கொண்டன. தென்கொரியாவிலும் வீட்டு அடுப்புகளில் இக்கரிக்கு இருந்த இடம் சுருங்கியதால், 1989 முதல் சுரங்கங்களை மூடுவது அரசின் கொள்கையாகவே ஆனது.

வியட்நாமின் கதை வேறு. குவாங் நின் மாகாணத்துக் கரியை நெடுங்காலம் ஏற்றுமதி செய்த அந்நாடு, மின்தேவை பெருகியதால் இன்று நிலக்கரியைப் பெருமளவில் இறக்குமதி செய்கிறது.

ஆயினும், இந்த எரிபொருளின் உண்மையான சிக்கலை உக்ரைனைப் போல வேறெந்த நாடும் உணர்ந்ததில்லை என்பது என் கருத்து. ஆந்த்ரசைட் எளிதில் தீப்பற்றாது. ஆகவே அதற்கான கொதிகலன்களைத் தனியாகவே வடிவமைக்க வேண்டும். அவற்றில் ஆவிப்பொருள் மிகுந்த வேறு கரியை அப்படியே இட்டால், அரைவை இயந்திரத்திலேயே கரித்தூள் வெடிக்கும் அபாயம் உண்டு. உக்ரைனின் அனல்மின் நிலையங்களில் கணிசமானவை இத்தகைய கொதிகலன்களைக் கொண்டிருந்த நிலையில், 2014இல் தொடங்கிய போரில் தோன்பாஸ் பகுதியின் ஆந்த்ரசைட் சுரங்கங்கள் அரசின் கட்டுப்பாட்டை விட்டுப் போயின. நாட்டில் வேறுவகை நிலக்கரி இருந்தும் அதை உடனடியாகப் பயன்படுத்த இயலவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து கரி வரவழைக்கப்பட்டது. 2017இல் பென்சில்வேனியாவின் கரியே கப்பலேறிக் கருங்கடல் துறைமுகத்துக்கு வந்தது.

அதே ஆண்டு முதல், கார்கிவ் பகுதியிலுள்ள ஸ்மீவ் நிலையத்தின் சில அலகுகள், உள்நாட்டில் கிடைக்கும் கரிக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டன. கொதிகலனின் எரிமுனைகளையும் அரைவை அமைப்பையும் திருத்தும் அந்தப் பொறுமையான பணி, போரின் நடுவே ஒரு நாடு தன் மின்சாரத்தைத் தானே காத்துக்கொள்ள எடுத்த அரிய முயற்சி என்று நான் மதிக்கிறேன். 2024 மார்ச்சில் ரஷ்ய ஏவுகணைத் தாக்குதலில் அந்த ஸ்மீவ் நிலையம் முழுவதும் அழிக்கப்பட்டது.

நன்றி, வணக்கம்.