மரக்கட்டை வந்தாச்சு, ஆனா சுவத்துல ஓட்டை போடக்கூடாதாம்

வணக்கம் மக்களே! பின்னாடி நிக்குது பாருங்க, மூணு கை ஒரு கால். போன வீடியோ முழுக்க புலம்பிட்டு இருந்தேன்ல, அந்த விங் சுன் (சீன குங்ஃபூல ஒரு ஸ்டைல்) பயிற்சிக்கு அடிக்கிற மரக்கட்டை ஒருவழியா வந்து சேந்துருச்சு. வேங்கை மரம், கூலியோட 38,000. அது கூட ஓகே, மரம் விக்கிற விலைக்கு ஒத்துக்கலாம், ஆனா நாலு தெரு தள்ளி இருந்து கொண்டு வர வண்டி வாடகை 1,800ஆ? மேல ஏத்துறதுக்கு தனி காசாம்! கேட்டா லிஃப்ட் இல்லயேங்கறார், லிஃப்ட் இல்லனு எனக்கு தெரியாதா, தினம் ஏறுறவன் நான்தானே.

இதுல ஆசாரி அண்ணன் பாசத்துல ஒரு வேலை பண்ணிருக்கார், கை ஆடக்கூடாதுன்னு பசை போட்டு ஆப்பு அடிச்சு இறுக்கிட்டார். அண்ணே, அது ஆடணும்ணே! கையோட சதுர வால் கட்டைக்குள்ள பூந்து பின்பக்கம் வெளிய வரும், அதுல ஒரு குச்சி சொருகுனா போதும், அடிச்சா டக்குனு ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்துக்குதானே இவ்ளோ செலவு. பாதி நாள் உளி வச்சு நோண்டி எடுத்தோம்.

இப்போ புது பஞ்சாயத்து, சுவத்துல ட்ரில் போடக்கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டார். எனக்கு செம கடுப்பு, ஆனா யோசிச்சு பாத்தா இந்த கட்டை சுவத்துக்கு வந்ததே இடப் பிரச்சனையாலதான். சீனாவுல ஃபோஷான் ஊர்ல இத தரையில குழி தோண்டி நட்டு வைப்பாங்க. ஹாங்காங்ல மாடி வீட்டுல எங்க தோண்டுறது? அதான் ரெண்டு குறுக்கு சட்டத்துல மாட்டி தொங்க விட்டாங்க, அடிச்சா லேசா ஸ்பிரிங் மாதிரி வாங்கி திருப்பி குடுக்கும்.

ஹாங்காங்ல விங் சுன் சொல்லிக்குடுத்த குரு இப் மேன், அவர் அங்க வந்ததே 1949 கடைசிலதான். அவர பத்தின படத்துல ஜப்பான்காரன அடிச்சு தூக்குறத பாத்துட்டு அதுதான் அவர் வாழ்க்கைன்னு கமெண்ட்ல சண்டைக்கு வர்றீங்க, எனக்கு அந்த ஹீரோயிசம் சுத்தமா புடிக்காது. 1893ல ஃபோஷான்ல வசதியான வீட்டுல பொறந்தவர், அப்புறம் அங்கயே போலீஸ் வேலை. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு வந்து, 56 வயசுக்கு மேலதான் பொழப்புக்காக சொல்லித்தரவே ஆரம்பிக்கிறார். எங்கன்னா, ஹாங்காங்ல கவ்லூன் பகுதில ஹோட்டல் தொழிலாளர் சங்கத்துல! அங்க முதல்ல சிஷ்யனா சேந்த லியுங் ஷியுங் ஏற்கனவே வேற ஸ்டைல்ல வாத்தியார், அவரே நான் உங்ககிட்ட கத்துக்கறேன்னு வந்தார்னா பாத்துக்கோங்க.

ஐயையோ இருங்க, இப் மேனோட குருவ சொல்லாம தாண்டிட்டேன். லியுங் ஜான்னு ஃபோஷான்ல ஒரு நாட்டு வைத்தியர், அவர்கிட்ட கத்துக்கிட்டவர் சான் வா ஷுன், காசு மாத்திக் குடுக்குற தொழில் பண்ணவர், வைத்தியர் கடைக்கதவு சந்து வழியா ஒளிஞ்சு பாத்தே ஆரம்பத்துல கத்துக்கிட்டார்னு கதை சொல்லுவாங்க. அவருக்கு வயசான காலத்துல வந்த கடைசி சிஷ்யன்தான் சின்ன பையன் இப் மேன்.

அடுத்து ப்ரூஸ் லீ. "இப் மேன்தான் அவருக்கு எல்லாத்தையும் கத்துக்குடுத்தார்"னு போடுறீங்கள்ல, அங்க கிளாஸ் அப்படி நடக்காது ப்ரோ, சீனியர்ங்கதான் ஜூனியர தேய்ச்சு எடுப்பாங்க. ப்ரூஸ் லீயை அப்படி தேய்ச்சவர் வோங் ஷுன் லியுங், மொட்டை மாடில மத்த ஸ்டைல் ஆளுங்களோட நிஜமாவே மோதிப் பாத்தவர், என்னோட ஆல் டைம் ஃபேவரிட், இத எத்தன தடவ சொன்னாலும் எனக்கு சலிக்காது. ப்ரூஸ் லீ 1959ல அமெரிக்கா கெளம்பிட்டார், ஆனா 1970ல வோங்குக்கு எழுதுன லெட்டர்ல, நான் இப் மேன் மாணவன்தான், ஆனா நெசமா கத்துக்கிட்டது உங்ககிட்டதான்ங்கற மாதிரி எழுதிருக்கார். அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

அப்புறம் அந்த 8 மில்லிமீட்டர் ஃபிலிம், ப்ளீஸ் தேடிப் பாருங்க. 1972, தொண்டைல கேன்சர், சத்தமே இல்லாத படம், மெலிஞ்சு போன ஒரு தாத்தாவா இப் மேன், சியு நிம் தாவ்ங்கற விங் சுன்னோட முதல் அசைவு வரிசைய பண்றார், அப்புறம் இதே மாதிரி கட்டைல கை வைக்கிறார். வேகம் ஒண்ணும் இல்ல, ஆனா முழங்கை எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க, உடம்ப விட்டு வெளிய விலகவே விலகாது. அவர் சொல்லிக்குடுத்த கட்டை வரிசைல 116 அசைவு, நான் இன்னும் பத்தையே தாண்டல. அந்த டிசம்பர் 2ம் தேதி போய்ட்டார், 79 வயசு. ப்ரூஸ் லீ அடுத்த ஜூலைல.

அட, இப் மேனோட பசங்கள விட்டுட்டேன் பாருங்க! இப் சுன், இப் சிங் ரெண்டு பேரும் 1962லதான் ஹாங்காங் வந்து அப்பாவோட சேந்தாங்க. பார்டர மூடிட்டதால அம்மா ஃபோஷான்லயே மாட்டிக்கிட்டு 1960ல இறந்துட்டாங்க. பசங்க ரெண்டு பேருமே அப்புறம் வாத்தியார் ஆனாங்க. யார் லைன் ஒரிஜினல்னு சிஷ்யங்க குரூப்புகளுக்குள்ள இன்னிக்கும் முட்டிக்கிறாங்க, அந்த கூத்த அடுத்த வீடியோல பிரிச்சு மேய்றேன், ஃபோன் சார்ஜ் வேற 4 பர்சென்ட், பை!