இரண்டாவது டவுன், 11 யார்டு: அட்லாண்டா எங்கே கோட்டை விட்டது?

[திரையில்: 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். ஸ்கோர் 28–20. மீதி 4:40]

சூப்பர் பவுல் 51, அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக்கோட இறுதிப்போட்டி. 28–3ன்னு முன்னாடி இருந்த அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு இப்போ 8 புள்ளிதான் முன்னிலை. ஆனா ஜூலியோ ஜோன்ஸ், எல்லைக்கோட்டை ஒட்டி ரெண்டு காலையும் உள்ளேயே வெச்சு 27 யார்டு பாஸைப் பிடிச்சிட்டார். பந்து எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸோட 22-வது யார்டுல, அதாவது அவங்க கோல் கோட்டுக்கு 22 யார்டு தூரத்துல.

இங்கே ஒரு ஃபீல்ட் கோல் (பந்தை உதைச்சு கம்பங்களுக்கு நடுவுல அனுப்பினா 3 புள்ளி) போதும். 31–20 ஆயிடும். டச் டவுனோட (6 புள்ளி) அதுக்கப்புறம் முயற்சி பண்ற டூ-பாயின்ட் (2 புள்ளி) சேர்ந்தாலும் ஒரு தடவைக்கு 8 புள்ளிதான். 11-ஐ எட்ட பேட்ரியாட்ஸ் ரெண்டு தடவை ஸ்கோர் பண்ணணும். அதனால அட்லாண்டாவுக்கு வேண்டியது ரெண்டே விஷயம்: பந்து பின்னாடி போகக்கூடாது, கடிகாரம் நிக்கக்கூடாது.

முதல் டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கிற நாலு வாய்ப்புல முதலாவது), அட்லாண்டாவோட ஃப்ரீமன் பந்தோட ஓடினார். 1 யார்டு நஷ்டம். போகட்டும், கடிகாரம் 4:40-லேர்ந்து 3:56-க்கு இறங்கிடுச்சு.

[திரையில்: 23-வது யார்டு. உதை தூரம் (பந்தைப் பின்னாடி வெச்சு உதைக்கிறது, கோட்டுக்குப் பின்னாடி இருக்கற கம்பம் எல்லாம் சேர்த்து) சுமார் 40 யார்டு]

அடுத்து பாஸ். பாஸ் எறியற க்வார்ட்டர்பேக் மேட் ரயனை பேட்ரியாட்ஸோட ட்ரே ஃப்ளவர்ஸ் சாக் பண்ணிட்டார், அதாவது எறியறதுக்கு முன்னாடியே வீழ்த்திட்டார். 12 யார்டு நஷ்டம். இந்த 12-ஐ கவனிங்க. பந்தைச் சட்டுனு கைமாத்துற குட்டி பாஸ்ல இவ்வளவு தூரம் பின்னாடி விழ வாய்ப்பு ரொம்பக் குறைவு. உதை தூரம் இப்போ சுமார் 52.

மூணாவது டவுன்ல அட்லாண்டாவோட சனுவுக்கு 9 யார்டு பாஸ் கிடைச்சுது, ஆனா அவங்க வீரர் ஜேக் மேத்யூஸ் ஹோல்டிங் (எதிராளியைப் பிடிச்சு நிறுத்தற தப்பு) பண்ணதால அது செல்லல. 10 யார்டு பெனால்டி, பந்து 45-ல. உதை தூரம் 62-க்கு மேல. அடுத்த பாஸ் தரையில. வேற வழியில்லாம பன்ட், அதாவது பந்தைத் தூரமா உதைச்சு எதிரணிக்கே கொடுத்துடறது.

இப்போ பழியைப் பிரிப்போம். ஹோல்டிங் வீரரோட தப்பு. பந்தை வெளியே எறியாதது ரயன் மேல. ஆனா அவ்வளவு நேரம் பிடிக்கிற பாஸைக் கேட்டது தாக்குதல் பிளேக்களைத் தேர்ந்தெடுக்கற ஆஃபன்சிவ் கோ-ஆர்டினேட்டர் கைல் ஷனஹன். அந்த சீசன்ல லீக்லயே அதிகம் ஸ்கோர் பண்ண டீம், அதனால பாஸ் மேல நம்பிக்கை சரிதான். ஆனா ஜெயிச்சா கூடுதலா கிடைக்கிறது கொஞ்சம், தோத்தா போறது ஃபீல்ட் கோலே. இதைத் தடுத்திருக்க வேண்டியவர் ஹெட் கோச் டான் க்வின். மொத்த ஆட்டத்துல பேட்ரியாட்ஸ் ஆடினது 93 பிளே, அட்லாண்டா 46. டிஃபன்ஸ் எவ்வளவு களைச்சிருக்கும்னு அவருக்குத் தெரியாதா?

அதே நாலாவது க்வார்ட்டர்ல, இதுக்கு முன்னாடி மூணாவது டவுன், 1 யார்டுல பேட்ரியாட்ஸோட ஹைடவர் ரயன் கையிலேர்ந்து பந்தைத் தட்டிவிட்டதையும் ஷனஹன் தலையிலதான் கட்டுவாங்க. அதுல எனக்குப் பாதி சம்மதம்தான். முந்தின பிளேல அட்லாண்டாவோட கோல்மன் அடிபட்டு வெளியே போனார்; உள்ளே வந்த ஃப்ரீமன் தடுப்பைத் தவறவிட்டார்.

பன்ட்டுக்கு அப்புறம் பேட்ரியாட்ஸ் தன்னோட 9-வது யார்டுல ஆரம்பிச்சு, 57 விநாடி இருக்கறப்போ 28–28 ஆக்கிட்டாங்க. ஓவர்டைம்ல டாஸும் அவங்களுக்கே. முதல் டிரைவ்லயே டச் டவுன், 34–28, ஆட்டம் அதோட முடிஞ்சுது. ஓவர்டைம்ல ரயன் கைக்குப் பந்து வரவே இல்ல.