பாடாத ஸட்ஜம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் பேசி அமர்ந்தபோது கைதட்டல் ஓயவே நேரமானது. "டிரான்சிஸ்டரில் சத்தம் இருக்கிறது, வால்வில்தான் உயிர் இருக்கிறது" என்றார். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் அன்று இருந்தது வால்வு என்ற சூடேறும் கண்ணாடிக் குழாய், பிறகு அதன் இடத்துக்கு வந்தது டிரான்சிஸ்டர் என்ற சின்னத் துண்டு. வீட்டில் பாட்டுக் கேட்க டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரே சிறந்தது என்று பேச வந்த நான், அந்த உயிர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கிறேன்.

வால்வு ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது, டிரையோடு என்ற மூன்று மின்முனை வால்வு ஒன்றே அலை முழுவதையும் சுமக்கும் சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயரை. அதில் 300பி என்ற டிரையோடு போட்டால் 8 வாட் அளவுக்குக் கிடைக்கும். அதற்குள் ஒரு ஸட்ஜத்தை அனுப்புங்கள். வெளியே வரும்போது மேல் ஸ்தாயி ஸட்ஜமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாம் ஹார்மோனிக் என்பது அதுதான். அதிர்வெண் இரு மடங்கு. சுருதியோடு சேர்வதால் காது அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, குரல் கனிந்துவிட்டது என்று மகிழ்கிறது. ஆனால் அந்த மேல் ஸட்ஜத்தைப் பாடகி பாடவில்லையே ஐயா! சரி, தனிக் குரலோடு இது நிற்குமா? வயலினும் மிருதங்கமும் சேர்ந்ததும், அதிர்வெண்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் யாருமே வாசிக்காத ஒலிகள் முளைக்கும். தம்புராவைத் தனியாகப் பிரித்துக் கேட்ட அந்தத் தெளிவு கலங்கிப்போகும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1960-களில் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பலவும் காதைக் குத்தின. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும்போது, கைமாறும் இடத்தில் ஒரு தடுக்கல் இருந்தது. மெல்லிய இசையில்தான் அது அதிகம் உறுத்தியது. இரண்டிலும் எப்போதும் கொஞ்சம் ஓடவிடும் மின்சாரத்தை, அதாவது பயஸை, சரியாக வைக்கத் தெரிந்ததும் அது தீர்ந்தது. அந்தக் காலத்துக் குறைக்கு இன்றைக்குமா தண்டனை?

"வால்வின் இனிமையை டிரான்சிஸ்டரால் தரவே முடியாது" என்றும் சொன்னார். 1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், ஒலிக்கருவிகளை விமர்சிக்கும் ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்களிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் தேர்ந்தெடுக்கும் விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரைப் போலவே தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை 48 மணி நேரத்தில் ஒலிக்கவைப்பதாகச் சொன்னார். அவர்கள் கொடுத்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய எதுவுமே இல்லை என்னும் வரை தன்னுடையதைத் திருத்தினார். ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம், கரண்டு பில். இஎல்34 என்ற ரக வால்வு நான்கு உள்ள ஸ்டீரியோவில், அவற்றைச் சூடேற்றும் ஹீட்டர்களுக்கு மட்டுமே ஏறக்குறைய 38 வாட் போகும், பாட்டு தொடங்கும் முன்பே.

என் தாத்தா வீட்டு வால்வு ரேடியோ சூடேறட்டும் என்று அவர் மடியில் காத்திருந்தது எனக்கும் இனிக்கிறது. அது தாத்தாவின் மடி தந்த இனிமை. எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பாடகி பாடாத அந்த ஸட்ஜத்தை யார் கேட்டது?