கேம் ஷாஃப்டை வீட்டிலேயே மாற்றலாமா? திருமங்கலம் தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அடுத்த கேள்வி திருமங்கலம் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டது. "அண்ணே, 97 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். டேப்பெட் (வால்வு இடைவெளி) எத்தனை தடவை வைத்தாலும் சத்தம் திரும்ப வந்துவிடுகிறது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு கேம் தேய்ந்துவிட்டது, வால்வ் ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார். எனக்கு டூல்ஸ் பிடிக்கத் தெரியும், வீட்டிலேயே நானே செய்யலாமா? ஹெட்டைக் கழற்றாமல் முடியுமா?"

செய்யலாம் தம்பி, தாராளமாகச் செய்யலாம். உங்கள் வண்டி கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியில், ஒரே ஒரு கேம்; சுழன்று வால்வுகளைத் திறக்கும் தண்டு அது. வீட்டில் வேலை பழக இதைவிட நல்ல இன்ஜின் கிடைப்பது கஷ்டம். ஆனால் புது கேம் வாங்கப் போவதற்கு முன்னால் பழையது ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடியுங்கள். கேம் சும்மா தேயாது, பெரும்பாலும் எண்ணெய் சரியாகப் போகாததால்தான் தேயும். அந்தக் காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டு புது கேமைப் போட்டால் அதையும் அது தின்றுவிடும், பணமும் போகும், நீங்கள் பட்ட பாடும் போகும்.

முதலில் டேப்பெட் கவரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, களி மாதிரி படிந்திருந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய எண்ணெயை யாரோ பல காலம் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். ராக்கர் என்பது கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் சின்னக் கை; அவை கோத்திருக்கும் ராக்கர் ஷாஃப்டில் இருக்கிற சின்னச் சின்ன துளைகள் வழியாகத்தான் எண்ணெய் வர வேண்டும், அதில் ஒன்று அடைத்தாலும் அந்த ராக்கரும் அதற்குக் கீழே இருக்கிற லோபும் (கேமின் முட்டை வடிவ மேடு) காய்ந்து உரசும். அதனால் ஷாஃப்டைக் கையில் எடுத்த பிறகு டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, காற்றடித்து ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இந்தச் சத்தம் உண்மையிலேயே கேமில் இருந்துதானா என்பதையும் பார்க்க வேண்டும். ராக்கர் திருகின் நுனியும் அது தொடும் வால்வுத் தண்டின் நுனியும் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்தக் குழிக்கு மேலே பாலம் போட்ட மாதிரி நிற்கும். கேஜ் சரி என்று சொல்லும், நிஜமான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும், சத்தமும் நிற்காது. இதைத் தெரியாமல் நல்ல கேமைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கேமைப் பார்க்க ஒரு வெர்னியர் போதும்: மூன்று இன்லெட் லோபையும் ஒன்றோடு ஒன்று, மூன்று எக்ஸாஸ்ட் லோபையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு உயரம் அளந்து பாருங்கள், தேய்ந்தது தனியாகத் தெரிந்துவிடும்.

கேம் போனது உறுதி என்றால் ராக்கரையும் சேர்த்து மாற்றுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். லோபும் ராக்கரும் ஒன்றை ஒன்று உரசி ஒரே அச்சுக்கு வந்தவை, தேய்ந்த ராக்கரைப் புது லோப் மேல் உட்கார வைத்தால் அது புது லோபை அரைக்கத் தொடங்கிவிடும்.

ஹெட்டைக் கழற்றாமல் ஸ்பிரிங் மாற்ற ஒரு வழி இருக்கிறது. டைமிங் பெல்ட்டையும் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் பெல்ட்) ராக்கரையும் எடுத்துவிட்டால் எல்லா வால்வும் மூடித்தான் இருக்கும். பிளக் துளை வழியாக மெத்தென்ற நைலான் கயிற்றை உள்ளே விட்டு, கயிற்றின் ஒரு முனையை வெளியே வைத்துக்கொண்டு, பிஸ்டனை மெதுவாக மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைக் கீழே விழாமல் தாங்கும். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வ் லாக்கை (ஸ்பிரிங்கை வால்வில் பிடித்திருக்கும் சின்னத் துண்டு) காந்தத்தால் எடுத்துவிடலாம். எண்ணெய் இறங்கும் துளைகளில் எல்லாம் துணி அடைத்துக்கொள்ளுங்கள், ஒரு லாக் உள்ளே விழுந்தால் சேம்பரை (இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) கழற்ற வேண்டியதுதான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் ஸ்பிரிங் பக்கம் போகவே கூடாது.

ஆனால் உங்கள் வண்டிக்கு நான் ஹெட்டைக் கழற்றத்தான் சொல்வேன். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் வால்வ் சீல் ரப்பர் கல்லாகியிருக்கும், வால்வும் அது உட்காரும் சீட்டும் சரியாக மூடாது, மூடாத வால்வுக்கு மேலே புது ஸ்பிரிங் போட்டு என்ன பிரயோசனம்? இன்னொரு முக்கியமான காரணம், இந்த இன்ஜினில் கேம் நேராக அலுமினிய ஹெட்டிலேயே சுழல்கிறது, நடுவில் தனி பேரிங் கிடையாது. அந்த இடம் கீறிப் போயிருந்தால் புது கேமும் அங்கே ஆடும். கேமை டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கமாக நீளவாக்கில் உருவ வேண்டும், உருவியதும் அந்த இடங்களை விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், நகம் மாட்டினால் கேம் வாங்க அவசரப்படாமல் ஹெட்டை ஹெட் வேலை செய்யும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கே.புதூர், கப்பலூர் சிட்கோ பக்கம் விசாரித்தால் நல்ல லேத் ஆட்கள் அகப்படுவார்கள், மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை.

ஹெட் நன்றாக ஆறின பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டிவந்து உடனே கழற்றினால் ஹெட் வளைந்துவிடும். கழற்றும்போது ஓரத்தில் இருந்து உள்ளே, மாட்டும்போது நடுவில் இருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து. வளைவு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஃபேஸிங் (முகத்தைச் சீவிச் சமப்படுத்துவது) போட வேண்டும். வால்வைத் தேய்த்து உட்கார வைத்த பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி விட்டுவைத்துப் பாருங்கள், போர்ட் (காற்றும் புகையும் போகும் வழி) வழியாகக் கசியக் கூடாது. உங்கள் ஊர்ப்பக்கம் கரிசல் மண், காற்றடித்தால் எல்லாவற்றிலும் படியும், திறந்து வைத்த இன்ஜினை வேட்டியோ போர்வையோ போட்டு மூடாமல் சாப்பிடக்கூடப் போகாதீர்கள்.

பழைய ஸ்பிரிங்கும் புது ஸ்பிரிங்கும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உயரக் குறைவு கண்ணுக்கே தெரியும். சுற்று நெருக்கமாக இருக்கும் முனை கீழே, ஹெட் பக்கம் வர வேண்டும். கேம் ஆயில் சீலும் டைமிங் பெல்ட்டும் புதிதாகப் போடுங்கள், பழைய பெல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். டைமிங் மார்க்குகளை நேராக வைத்து பெல்ட் மாட்டியதும் சாவியைத் தொடக் கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அதனால் எல்லா மார்க்கும் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். நடுவில் எங்காவது இறுகி நின்றால் பலம் போடாதீர்கள், பெல்ட்டைக் கழற்றி மறுபடி பாருங்கள்.

லோப், ராக்கர் எல்லாவற்றிலும் அசெம்பிளி லூப் (ஒட்டி நிற்கும் கெட்டியான மசகு) தடவியிருக்க வேண்டும், வெறும் எண்ணெய் வழிந்துவிடும். புது எண்ணெய், புது ஃபில்டர். முதலில் ஸ்டார்ட் செய்யும்போது ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல்) ஓட விடாதீர்கள், ஐடிலில் லோப் மேல் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுதாக விழும், தெறிக்கிற எண்ணெயோ குறைவு. 1,500க்கும் 2,500க்கும் நடுவில் ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கி சுமார் 20 நிமிடம் ஓட விடுங்கள், எண்ணெய் விளக்கையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே. வண்டி ஆறியதும் டேப்பெட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு வையுங்கள்.

1,000 கிலோமீட்டர் ஆனதும் டேப்பெட் மறுபடி பார்த்து, எண்ணெயும் ஃபில்டரும் இன்னொரு தடவை மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் அறுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற காகித மடிப்பில் மினுமினு என்று உலோகத் தூள் நிறைய தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.