தலைமுடி, காலடி, தழும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் இருக்கும். என்னுடையதில் 'இடது முழங்காலில் ஒரு தழும்பு' என்று எழுதியிருக்கிறது. சைக்கிள் பழகும்போது விழுந்த காயம். பழைய நாடகங்களைப் பற்றிப் பேச வந்தவர் தழும்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இந்தப் பேச்சே தழும்பு, மச்சம், மோதிரம் பற்றியதுதான்.

கல்லூரியில் எங்களுக்கு நாடகப் பாடத்தில் 'பொருத்துக' என்று கேள்வி வரும். ஒரு பக்கம் நாடகத்தின் பெயர், மறு பக்கம் ஆசிரியர் பெயர். மனப்பாடம் செய்து முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவேன். ஆனால் பெயரை மறைத்து ஒரே ஒரு பக்கத்தை நீட்டி, "இது யார் கை?" என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். ஒரே கதையை மூன்று கிரேக்கர்கள் எழுதிய மூன்று நாடகங்களை ஒரு விடுமுறையில் அடுத்தடுத்துப் படித்த பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

கதை இதுதான். டிராய் போரில் வென்று வீடு திரும்பிய அகமெம்னனை அவன் மனைவியும் அவளுடைய காதலனும் சேர்ந்து கொன்றுவிடுகிறார்கள். மகன் ஒரெஸ்டிஸ் சிறு பிள்ளையாக இருந்தபோதே வெளியூருக்குக் கொண்டுபோகப்படுகிறான். மகள் எலெக்ட்ரா அங்கேயே கிடந்து வாடுகிறாள். பல ஆண்டுகள் கழித்து, பழி வாங்குவதற்காகத் தம்பி ரகசியமாகத் திரும்பி வருகிறான். எதிரே நிற்பவன் தம்பிதான் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஏதென்ஸ் நகரத்தின் அக்ரோபோலிஸ் குன்றுச் சரிவில் இருந்த டயோனிசஸ் அரங்கில் நடிகர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் முகமூடி போட்டவர்கள். முகச்சாயலைக் காட்டிப் புரியவைக்க வழியில்லை. பொருளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் சொல்லால் காட்ட வேண்டும்.

முதலில் ஈஸ்கிலஸ். கிமு 458இல் அரங்கேறிய அவருடைய நாடகத்தில் எலெக்ட்ரா தந்தையின் கல்லறைக்கு வருகிறாள். அங்கே வெட்டிவைத்த ஒரு முடிக்கற்றை கிடக்கிறது. தன் முடியைப் போலவே இருக்கிறது. அப்புறம் காலடித் தடம். அதில் தன் காலை வைத்துப் பார்க்கிறாள், அளவு பொருந்துகிறது. கடைசியில் ஒரெஸ்டிஸே வெளியே வந்து, அவள் கையால் நெய்த துணியைக் காட்டுகிறான். ஒரே ரத்தம் என்றால் முடியும் காலும்கூட ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் நாடகத்தில் கேள்வியே இல்லை. அந்த உலகத்தில் கல்லறையும் மண்ணும் சாட்சி சொல்லும்.

அந்த முடிக்கற்றை ஏதென்ஸ்காரர்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. சுமார் 40 ஆண்டுகள் கழித்து, நகைச்சுவை நாடகக்காரரான அரிஸ்டோஃபனிஸ் 'மேகங்கள்' நாடகத்தில் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசுகிறார். என் நாடகம் அந்த எலெக்ட்ராவைப் போல வந்திருக்கிறது, தம்பியின் முடியைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளும் என்கிறார். அதாவது, நல்ல ரசிகர்கள் எங்கே என்று நாடகம் தேடிக்கொண்டிருக்கிறதாம். விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை, 'எலெக்ட்ரா, தம்பி, முடி' என்ற மூன்று சொல் போதுமாக இருந்தது.

சோபோக்ளிஸ் அதே முடிக்கற்றையை எடுத்து வேறு மாதிரி கையாள்கிறார். அதைக் கண்டுபிடிப்பது எலெக்ட்ரா இல்லை, அவள் தங்கை. சந்தோஷமாக ஓடி வருகிறாள். ஆனால் ஒரெஸ்டிஸ் தேர்ப் பந்தயத்தில் விழுந்து செத்துப்போனான் என்ற பொய்ச் செய்தி அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. எலெக்ட்ரா அவளை நம்பவில்லை. உண்மையான அடையாளம் கையில் இருந்தும் பயன்படாமல் போகிறது. அதற்குப் பிறகு ஒரெஸ்டிஸே முன்பின் தெரியாதவனைப் போல வந்து, அவன் சாம்பல் இருப்பதாகச் சொல்லி ஒரு வெண்கலக் கலயத்தை அவள் கையில் கொடுக்கிறான். அவள் அந்தக் காலிக் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, உயிரோடு எதிரே நிற்கும் தம்பிக்கு ஒப்பாரி வைக்கிறாள். கேட்டுக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. "கலயத்தைக் கொடுத்துவிடு" என்கிறான். அவள் விடமாட்டேன் என்கிறாள். தந்தையின் முத்திரை மோதிரம் அதற்குப் பிறகுதான் வெளியே வருகிறது. அதற்குள் நமக்கு மோதிரமே தேவையில்லாமல் போய்விடுகிறது.

இந்த இடத்தைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியஸ் ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். போலஸ் என்ற பெரிய நடிகர் இந்த எலெக்ட்ராவை நடித்தபோது, இறந்துபோன தன் சொந்த மகனின் அஸ்திக் கலயத்தைக் கல்லறையிலிருந்து எடுத்துவந்து மேடையில் ஏந்தினாராம். அன்றைக்கு அரங்கில் கேட்டது நடிப்பு அழுகை இல்லை என்கிறார். இதைப் படித்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

யூரிப்பிடிஸ் என்ன செய்தார்? எலெக்ட்ராவை அரண்மனையிலிருந்து கிளப்பி, ஓர் ஏழை விவசாயியின் குடிசையில் வாழ்க்கைப்பட்டவளாக உட்காரவைத்தார். தந்தையை வளர்த்த கிழவர் ஒருவர் வந்து, "கல்லறையில் முடியைப் பார்த்தேன், உன் முடியோடு வைத்துப் பார்" என்கிறார். அவள் திருப்பிக் கேட்கிறாள்: ஆண்பிள்ளை முடி மல்யுத்தக் களத்தில் வளர்ந்தது, பெண்பிள்ளை முடி சீப்பில் வாரி வளர்ந்தது, இரண்டும் எப்படி ஒன்றாகும்? காலடித் தடமா? கல் தரையில் தடம் எப்படிப் பதியும், பதிந்தாலும் தம்பி காலும் என் காலும் ஒரே அளவா? நான் நெய்த துணியா? சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்டதை இப்போதும் போட்டிருக்க, துணி என்ன உடம்போடு சேர்ந்து வளருமா?

ஈஸ்கிலஸின் மூன்று அடையாளங்களும் வரிசை மாறாமல் அடிவாங்குகின்றன. பிறகு கிழவர் அந்த இளைஞனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார். "வெள்ளிக் காசின் முத்திரையைச் சோதிப்பவர் போல ஏன் பார்க்கிறார்?" என்று அவன் கேட்கிறான். கிழவருக்குப் புருவத்தின் ஓரத்தில் ஒரு தழும்பு தெரிகிறது. வீட்டில் அக்காவோடு ஒரு மான்குட்டியைத் துரத்தி விளையாடியபோது விழுந்த காயம். ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸை அடையாளம் காட்டிய தழும்பு, காட்டுப்பன்றி குத்தியது. வீரனின் தழும்பு. யூரிப்பிடிஸ் கொடுத்தது, வீட்டில் ஓடி விளையாடும் எந்தக் குழந்தைக்கும் ஏற்படுகிற தழும்பு. எனக்கு இவர் எழுதியதுதான் மனத்துக்கு மிக நெருக்கம். காரணம் என் முழங்காலில் இருக்கிறது.

இப்போது பெயரை மறைத்துவிட்டு எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் கொடுங்கள். மண்ணும் கல்லறையும் சாட்சி சொன்னால் ஈஸ்கிலஸ். அடையாளம் தெரிவதற்கு முந்தைய வேதனையிலேயே காட்சி நின்றால் சோபோக்ளிஸ். யாராவது "அதெப்படி?" என்று கேட்டால் யூரிப்பிடிஸ். எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் நல்ல தொடக்கம்.

இந்த அடையாளம் காணும் கட்டத்துக்கு அரிஸ்டாட்டில் 'அனக்னோரிசிஸ்' என்று பெயர் சொல்லி, தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். தழும்பு, நகை போன்றவற்றை வைத்துக் காட்டுவது கலைநயம் குறைந்த வழி, சம்பவங்களிலிருந்தே தானாகப் பிறப்பதுதான் சிறந்தது என்பது அவர் தீர்ப்பு. சோபோக்ளிஸின் 'ஈடிபஸ்' நாடகம்தான் அதற்கு அவர் காட்டும் உதாரணம். ஆனாலும் நகையும் மோதிரமும் மேடையை விட்டுப் போகவில்லை. பிற்காலக் கிரேக்க நாடகக்காரரான மெனாண்டரின் நகைச்சுவையில், கண்டெடுத்த குழந்தையோடு இருந்த நகைகள் யாருக்கு என்று இரண்டு ஏழைகள் பஞ்சாயத்து வைத்துச் சண்டை போடுகிறார்கள். ரோமில் பிளாட்டஸ் என்ற நாடகக்காரர் பிரிந்துபோன இரட்டையர்களை ஒரே ஊரில் அலையவிட்டார். 1668இல் பிரெஞ்சு நாடகக்காரர் மோலியேரின் 'கஞ்சன்' நாடகத்தில்கூட மாணிக்க முத்திரையும் கையில் கட்டிய காப்பும் வந்து, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைக்கின்றன. எல்லோரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது கஞ்சன் கேட்பது ஒன்றுதான்: இவன் உங்கள் மகன் என்றால், என்னிடம் திருடிய பணத்தை நீங்கள்தான் தரவேண்டும். அந்த இடத்தில் அப்படி ஒரு வசனத்தை வைப்பது மோலியேரின் கை.

ஷேக்ஸ்பியர் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் அண்ணனையும் தங்கை வயோலாவையும் எதிரெதிரே நிறுத்துகிறார். இரட்டையர். முகமூடியும் இல்லை. ஒரே முகம், ஒரே உடை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனாலும் இருவரும் கேள்வி கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள். என் தந்தையின் புருவத்தில் ஒரு மச்சம் இருந்தது. என் தந்தைக்கும்தான். அவர் இறந்தது வயோலாவுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த நாளில். கடலில் போய்விட்டதாக நினைத்த உயிர் திரும்பி வந்திருக்கும்போது, நம்பிவிட்டால் மறுபடி போய்விடுமோ என்ற பயம் அந்தக் கேள்விகளில் இருக்கிறது. ஷேக்ஸ்பியருக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, ஓர் ஆண், ஒரு பெண். மகன் ஹாம்னெட் 1596இல் பதினொரு வயதில் இறந்துபோனான்.

1602 பிப்ரவரி 2ஆம் தேதி லண்டனில், மிடில் டெம்பிள் என்ற சட்ட மாணவர்களின் மண்டபத்தில் இந்த நாடகம் நடந்தது. ஜான் மானிங்கம் என்ற மாணவர் அன்றைக்குப் பார்த்ததை நாட்குறிப்பில் எழுதினார். நாடகத்தில் தன் அண்ணனை இழந்து துக்கம் காக்கும் ஒலிவியா என்ற இன்னொரு பெண்ணைக் கணவனை இழந்தவள் என்று தப்பாக எழுதிவிட்டார். ஷேக்ஸ்பியர் பெயரையும் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டார்: இது 'பிழைகளின் நகைச்சுவை' (அதுவும் ஷேக்ஸ்பியருடைய நாடகம்தான்) போலவும், பிளாட்டஸின் இரட்டையர் நாடகம் போலவும் இருக்கிறது என்று குறித்துவைத்தார்.

நன்றி. வணக்கம்.