கை ஆடட்டும், குறி பிசகாதிருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கைத்துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: கை ஆடுகிறது, அதனால் குறி தவறுகிறது. இப்படி முடிவுகட்டிக்கொண்டு, ஆட்டத்தை அடக்குவதற்காகத் தோளையும் மணிக்கட்டையும் இறுக்கி, முன்னைவிடக் கூடுதலாக நடுங்குகிறார்கள். கை ஆடுவது ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கும் உண்டு. நடுங்காத கையோடு பிறந்தவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு என்று எண்ணுகிறவர்கள் ஹங்கேரி வீரர் காரோலி டாகாச்சை நினைத்துப் பார்க்கலாம். 1938இல் எறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்துபோன பிறகு, அவர் இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார்.

அப்படியானால் புதியவரின் குண்டு ஏன் விலகுகிறது? காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கிக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் இலக்குத்தாளைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். அதன் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர், நடுவிலுள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேற்புறத்தில், குழல்முனையருகே சிறு மேடாக முன்குறியும், பின்முனையில் நடுவே பிளவுள்ள தகடாகப் பின்குறியும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறிகளின் நேர்கோடு கலையாமல் துப்பாக்கி முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் விலகும். அப்போதும் 10 புள்ளி கிடைக்கும். ஆனால் பின்குறியின் பிளவுக்குள் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால், அந்தப் பிழை இலக்கை அடையும்போது 33 மில்லிமீட்டராகப் பெருகி, குண்டு கறுப்பு வட்டத்தையே தாண்டி வெள்ளைப் பகுதியில் விழுகிறது.

ஆகவே கண்ணின் கவனம் இலக்கின்மேல் இருக்கக் கூடாது. முன்குறியின்மேல் இருக்க வேண்டும். பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு தொலைவுகளில் இருப்பதால் கண்ணால் மூன்றையும் ஒருசேரத் தெளிவாகக் காண முடியாது. முன்குறியின் மேல்விளிம்பு பின்குறியின் இரு தோள்களோடு ஒரே மட்டத்தில் நிற்க, அதன் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் சம அகலமாக இருக்க, இலக்கு மங்கலான கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால் அதுவே சரியான காட்சி. அடிக்கப்போகும் பொருளைப் பார்க்காதே என்பது இயல்புக்கு எதிரான பாடம் என்பதால், இது மனத்தில் படிய நாளாகும்.

நேர்கோட்டைக் கலைப்பது விரல். கருவிழியைப் போன்ற அந்தக் கறுப்புப் புள்ளி சரியான இடத்துக்கு வந்ததும், அது நழுவுவதற்குள் சுட்டுவிட வேண்டும் என்ற பதற்றத்தில் புதியவர் விசையை வெடுக்கென்று இழுக்கிறார். வலக்கைக்காரராக இருந்தால் குண்டு பெரும்பாலும் கீழே இடப்பக்கம் போய் விழும். ஏர் பிஸ்டல் விசைக்குக் குறைந்தது 500 கிராம் இழுவிசை இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. இந்தச் சிறு இழுப்பே குழல்முனையைத் திருப்பிவிடப் போதும். விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதியை விசையில் வைத்து, மற்ற விரல்களின் பிடி மாறாமல், நேர் பின்னோக்கி மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கை சற்று ஆடிக்கொண்டிருக்கும்போதே இந்த அழுத்தம் கூடிக்கொண்டு போகட்டும். துப்பாக்கி எந்த நொடியில் வெடிக்கிறது என்பது உங்களுக்கே முன்கூட்டித் தெரியாமல் இருப்பது நல்லது.

வெடிமருந்துத் தோட்டா பயன்படுத்தும் துப்பாக்கியில், பின்னுதைப்பையும் சத்தத்தையும் எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே குறுகுவது மற்றொரு தொல்லை. பயிற்சியாளர் உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றை இடையே சேர்த்துக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: வெடிக்காமல் டிக் என்ற ஒலி மட்டும் கேட்கும் அந்தக் கணத்தில் குழல்முனை படக்கென்று கீழே தாழ்வதை நீங்களே காண்பீர்கள்.

இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து, தோட்டா போடாத காலித் துப்பாக்கியால் செய்யும் பயிற்சி. துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையிலுள்ள வெள்ளைச் சுவரை நோக்கிக் குறிகளை நேர்ப்படுத்தி விசையை அழுத்துங்கள். இலக்கு இல்லாததால் கண் தானாகவே முன்குறிக்கு வந்துவிடும். விசை விடுபட்ட பின்னும் ஒரு நொடி அப்படியே நின்று, முன்குறி துள்ளியதா என்று கவனியுங்கள். 22 காலிபர் (0.22 அங்குலக் குழல்) துப்பாக்கிகள் சிலவற்றில் போலித் தோட்டா இல்லாமல் இப்படிச் செய்தால் பழுது ஏற்படலாம் என்பதால், தயாரிப்பாளரின் குறிப்பை முதலில் படித்துவிடுவது நல்லது. குறிபார்த்துச் சுட ஆயத்தமாகும்வரை விரல் விசையின்மேல் போகக் கூடாது, குழல்முனை ஆட்கள் இருக்கும் திசைக்குத் திரும்பக் கூடாது என்ற விதிகள் காலித் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

மூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்திச் சுட வேண்டும். ஏழெட்டு நொடிகளுக்குள் குண்டு போகாவிட்டால், கையைத் தாழ்த்தி மூச்சுவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். துணிந்து கையைத் தாழ்த்துகிறவர்கள் புதியவர்களில் மிகவும் குறைவு.

முதல் சில மாதங்களுக்குப் புள்ளிக் கணக்கை விட்டுவிடுங்கள். ஐந்து குண்டுகள் சுட்ட பிறகு துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். ஓரத்தில் என்றாலும் ஒரே இடத்தில் திரண்டிருந்தால், பின்குறியின் திருகைத் திருப்பி அந்தத் திரளை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறிக் கிடந்தால் திருகைத் தொடாமல் விரலைத்தான் திருத்த வேண்டும். நன்றி, வணக்கம்.