பேனா கடையும் உளிக்குச் சாணை பிடிப்பது எப்படி?

[காட்சி: ஒரே மரம், இரண்டு பக்கம். இடது பக்கம் சுருள் சீவல், வலது பக்கம் தூள்.]

ரெண்டு பக்கத்தையும் பாருங்க. மரம் ஒண்ணுதான், லேத்தோட, அதாவது கடைசல் இயந்திரத்தோட, வேகமும் ஒண்ணுதான். இடது பக்கம் சீவல் சுருண்டு சுருண்டு விழுது. வலது பக்கம் வெறும் தூளா கொட்டுது. அங்க உளி மழுங்கிடுச்சு. மரத்தை அது வெட்டல, சுரண்டுது.

பேனா கடையும்போது இது சின்ன விஷயம் இல்ல. ஸ்லிம்லைன்ங்கிற மெல்லிய பேனாவுல, மரத்துக்குள்ள ஒட்டுற பித்தளைக் குழாய் 7 மில்லிமீட்டர் விட்டம். ஓரத்துல அது மேல மிஞ்சுற மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மழுங்கின உளியை அழுத்திப் பிடிச்சா, அந்த மெல்லிய ஓரம்தான் முதல்ல பிஞ்சு வரும். கட்டையைக் கோத்து லேத்துல மாட்டுற மாண்ட்ரல் கம்பி வளைஞ்சு, உருண்டையா வர வேண்டியது நீள்வட்டமாயிடும். அக்ரிலிக்னா சில்லு சில்லா தெறிக்கும். இதையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு சரி பண்ணிடலாம்னு நினைக்காதீங்க.

கூர் இருக்கான்னு விரல் வச்சுப் பார்க்க வேண்டாம். வெளிச்சத்துக்குக் கீழ முனையை மெதுவா திருப்புங்க.

[நெருக்கக் காட்சி: உளி முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு.]

இந்த வெள்ளைக் கோடு தெரியுதா? ரெண்டு பரப்பு சரியா சந்திச்சா, ஒளி பட்டுத் திரும்ப அங்க இடமே இருக்காது. கோடு மின்னுதுன்னா முனை தட்டையாயிடுச்சு. தேக்குல சிலிக்கா இருக்கு, மணல்ல இருக்கிற அதே பொருள்; அதனால தேக்கு கடைஞ்சா இந்தக் கோடு சீக்கிரமே வந்துடும். கடைசி வெட்டுல, எந்த அளவுக்குக் கடையணும்னு காட்டக் கட்டையோட ரெண்டு ஓரத்துலயும் மாட்டுற எஃகு வளையத்தை, அதாவது புஷ்ஷை, உளி தொட்டாலும் வரும்.

இனி சாணை. பெஞ்ச் கிரைண்டரோட வர்ற சாம்பல் நிறக் கல்லை மாத்திட்டு, வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் போடுங்க. வடிவத்தை மாத்த 80 கிரிட், கூர் ஏத்த 120; கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசா இருக்கும். கல்லுக்கும், உளியைத் தாங்குற ரெஸ்ட்டுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாம சுவிட்சைத் தொடாதீங்க.

கோணம்தான் எல்லாரும் தடுமாறுற இடம். கட்டையை முதல்ல உருட்டுற குழி உளிக்கு, அதாவது ரஃபிங் கவுஜுக்கு, 45 டிகிரி பொதுவா சரியா வரும். ஆனா எண்ணை விட முக்கியம், ஒவ்வொரு தடவையும் அதே கோணத்துக்கு வர்றது. புதுசா ஆரம்பிக்கிறவங்க உளியைக் கோணம் மாறாம பிடிக்கிற ஜிக் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மார்க்கர் பேனா வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன்.

[நெருக்கக் காட்சி: சரிவுப் பரப்பு முழுக்கக் கறுப்பு மை.]

முனைக்குப் பின்னால சாய்வா இருக்கிற சரிவு முழுக்க மார்க்கர் மை பூசுங்க. பிளக்கைக் கழட்டிட்டு, உளியை ரெஸ்ட்ல வச்சுக் கல்லைக் கையால சுத்துங்க. அடிப்பக்கம் மட்டும் மை அழிஞ்சா முனை கல்லைத் தொடல. முனையில மட்டும் அழிஞ்சா கோணம் செங்குத்தா போகுது. அடியிலருந்து முனை வரைக்கும் ஒரே சீரா அழியுற வரை ரெஸ்ட்டைத் திருப்புங்க. அதுக்கப்புறம் ஓட விட்டு, லேசா ஒரு தடவை, ரெண்டு தடவை. அவ்வளவுதான். அழுத்த வேண்டாம்.

ஹை ஸ்பீட் ஸ்டீல் கொஞ்சம் நீலம் பாய்ஞ்சாலும் பதம் போகாது. அதைச் சுடச்சுடத் தண்ணியில முக்காதீங்க, நுண்ணிய விரிசல் விடலாம். பழைய கார்பன் எஃகு உளி அப்படியில்ல. அதுல நீலம் வந்துட்டா பதம் போச்சுன்னு அர்த்தம். அதுக்குத்தான் பக்கத்துல தண்ணி வேணும்.

கல் உருண்டையா இருக்கிறதால சரிவு லேசா குழிஞ்சு வரும். இது நமக்கு நல்லதுதான். 600 கிரிட் வைரத் தகட்டை அது மேல வச்சா அடியிலயும் முனையிலயும் மட்டும்தான் தொடும். ரெண்டு இடத்துலயும் தொடுதுன்னு கை உணர்ந்ததும் அப்படியே நாலஞ்சு தேய். பிசிர் போயிடும், கூர் வந்துடும். இப்படித் தகட்டுலயே பல தடவை கூர் ஏத்திக்கலாம். கிரைண்டர் பக்கம் அடிக்கடி போக வேண்டியதில்ல, உளியும் சீக்கிரம் தேயாது.

கார்பைடு உளியில, ஸ்க்ரூ போட்டு மாட்டின பல முனை உள்ள சின்னக் கார்பைடு தகடுதான் வெட்டும். அதுக்கு வெள்ளைக் கல் ஆகாது, வைரம்தான் வேணும். முனை மழுங்கினா ஸ்க்ரூவைத் தளர்த்தி அடுத்த முனைக்குத் திருப்புங்க. எல்லா முனையும் தீர்ந்ததும், ஒட்டியிருக்கிற பசையை அசிட்டோன்ல துடைச்சுட்டு, மேல்முகத்தை மட்டும் வைரத் தகட்டுல படுக்க வச்சுத் தேயுங்க. சரிவைத் தொடாதீங்க. திரும்ப மாட்டும்போது அடியில ஒரு துளித் தூசுகூட இருக்கக் கூடாது. கார்பைடு கடினம், ஆனா நொறுங்குற பொருள். தூசு மேல உட்கார்ந்தா ஸ்க்ரூ முறுக்கும்போதே உடையும்.

[காட்சி: பேரல் ட்ரிம்மர்.]

பேனாக் கட்டையோட முனை முகத்தைக் குழாய்க்கு நேரா சீவுற இந்த ட்ரிம்மரைப் பலரும் கவனிக்கவே மாட்டாங்க. இது மழுங்கினா கட்டையோட முகம் கருகும், ஓரம் சிதறும். உலோகப் பாகத்தோட சேரும்போது இடைவெளி தெரியும். ஒவ்வொரு பல்லோட தட்டையான முன்முகத்தையும் வைரத் தகட்டால தேயுங்க, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பல்லு உயரமா நின்னா அது மட்டும்தான் வெட்டும், மத்ததெல்லாம் சும்மா சுத்தும்.